கார்வால் நில அதிர்வுகள்: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளிலும் நாளிதழ்களிலும் ஆசிரியர் பொறுப்பில் இருக்கும் அன்பர்களுக்கு வணக்கம்.

ரிஷிகேஷிலிருந்து எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து சார்தாம் யாத்திரைக்கு வருகிற குழுக்களுக்கு வண்டி, தங்குமிடம், நம்ம ஊர்ச் சாப்பாடு ஏற்பாடு செய்வது என் தொழில். கங்கோத்ரி, யமுனோத்ரி, கேதார்நாத், பத்ரிநாத் நான்கும் உத்தராகண்டின் கார்வால் மலைகளில் இருக்கின்றன. இங்கே பூமி லேசாக அசைந்து, அந்தச் செய்தி உங்கள் திரையின் அடியில் ஓட ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் என் போன் அடிக்கும்.

"தம்பி, அங்க பூமி அதிர்ந்துச்சாம்ல? எங்க வீட்டுக்காரங்க குரூப்போட வந்திருக்காங்க. போன் எடுக்க மாட்டேங்கறாங்க. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

அவர்கள் போன் எடுக்காததற்குக் காரணம் மலையில் டவர் கிடைக்காததுதான். அதிர்வு வந்ததே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் உங்கள் எழுத்து ஓடையில் "உத்தரகாசியில் நிலநடுக்கம், மக்கள் பீதி" என்று இருக்கிறது. கும்பகோணத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மா அதைப் படித்தால் என்ன நினைப்பார்?

உத்தரகாசி என்பது ஊர்ப் பெயர், மாவட்டத்தின் பெயரும் அதேதான். மாவட்டம் சுமார் 8,000 சதுர கிலோமீட்டர், நம்ம திண்டுக்கல் மாவட்டத்தைவிடப் பெரியது. மேற்குக் கோடியில், இமாசலப் பிரதேச எல்லையோரம் ஏதோ ஒரு காட்டுக்கடியில் 3.1 அளவில் ஒரு அதிர்வு வந்தாலும் அது "உத்தரகாசி" என்றே பதிவாகும். கங்கோத்ரிச் சாலையில் போய்க்கொண்டிருக்கும் நம் ஆட்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு மலைத்தொடரே இருக்கும். தில்லியில் உள்ள தேசிய நில அதிர்வு மையம் ஒவ்வொரு அதிர்வுக்கும் நேரம், அளவு, அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம் எல்லாவற்றையும் சில நிமிடங்களில் வெளியிடுகிறது. நீங்கள் செய்தி எடுப்பதும் அங்கிருந்துதான். அந்த அட்சரேகையைக் கைபேசி வரைபடத்தில் போட்டுப் பார்க்க அரை நிமிடம் ஆகுமா? "கங்கோத்ரியிலிருந்து இத்தனை கிலோமீட்டர் தள்ளி, யாத்திரைச் சாலையில் இல்லை" என்று ஒரு வரி சேர்த்தால் எத்தனை வீட்டில் அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவார்கள்!

2025 ஜனவரி கடைசியில் இந்த மாவட்டத்தில் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துப் பல சின்ன அதிர்வுகள் வந்தன. ஜனவரியில் நான்கு கோயிலும் நடை சாத்தியிருக்கும், பனியில் ஒரு யாத்ரீகர்கூட மேலே இருக்க மாட்டார். அப்படியும் போன் வந்தது, மே மாதத்துக்கு முன்பதிவு செய்தவர்களிடமிருந்து. கூடவே வாட்ஸ்அப்பில் "இன்று இரவு இமயமலையில் 9 அளவு பூகம்பம், நாசா அறிவிப்பு" என்று ஒரு படம் சுற்றிக்கொண்டிருந்தது. நாசாவோ வேறு யாருமோ எந்த ஊரில் எந்த நாளில் நிலநடுக்கம் வரும் என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்லும் அறிவு இன்றைக்கு உலகத்தில் எங்கேயும் இல்லை. தேதி குறித்துச் சொல்கிற ஜோதிடரை விவாத மேடையில் உட்கார வைக்கும்போது தயவுசெய்து இதை ஞாபகம் வையுங்கள்.

சரி, சின்ன அதிர்வு நேரில் எப்படி இருக்கும்? உத்தரகாசியில் ஒரு லாட்ஜில் ராத்திரி தங்கியிருந்தபோது ஒன்று வந்தது. முதலில் அடியிலிருந்து ஒரு உறுமல். கட்டில் ஒரு முறை உதறியது. ஜன்னல் கண்ணாடி கலகலத்தது, தெரு நாய்கள் குரைத்தன, அவ்வளவுதான். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதே லாட்ஜ் பையன் பின்பக்கம் போய் மலைச் சரிவில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மறுபடி வந்து வராந்தாவில் படுத்துக்கொண்டான். என்னப்பா பார்த்தாய் என்று கேட்டேன். கல் ஏதாவது உருளுகிறதா என்று பார்த்தேன் என்றான். தரை ஆடியதை அவன் பொருட்படுத்தவே இல்லை. பின்னால் நிற்கும் மலை பிடி விட்டிருக்கிறதா என்பதுதான் அவனுக்கு முக்கியம். இந்த ஊர்க்காரர்கள் எல்லாருமே ஏறக்குறைய இப்படித்தான். "மக்கள் பீதி" என்று நீங்கள் எழுதும்போது எந்த மக்களைச் சொல்கிறீர்கள் என்பது எனக்குப் புரிவதில்லை.

இதுவரை சொன்னது பயமுறுத்தாதீர்கள் என்பது. இனிமேல் சொல்லப் போவது அதற்கு எதிர்த்திசையில் இருப்பதுபோலத் தோன்றும். எனக்கு இரண்டும் ஒரே புகார்தான்.

எழுத்து ஓடையில் பீதி கிளப்பிய அதே நாள் மாலையில் யாராவது ஒருவர் திரையில் வந்து இப்படிச் சொல்கிறார்: "சின்னச் சின்னதா வந்தா நல்லதுதான். குக்கர் விசில் மாதிரி உள்ளே இருக்கிற அழுத்தம் வெளியே போயிடும், பெரிசு வராது." கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் கணக்கு உதைக்கிறது. நில அதிர்வின் அளவு ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். 4-லிருந்து 8-க்குப் போனால் பத்து லட்சம் மடங்கு. அதாவது 8 அளவுள்ள ஒரே ஒரு நிலநடுக்கத்தின் ஆற்றலைச் சின்னச் சின்னதாகக் கழிக்க வேண்டுமென்றால், 4 அளவில் பத்து லட்சம் வர வேண்டும். தினம் ஒன்று வந்தாலும் 2,700 ஆண்டுக்கு மேல் ஆகும். கார்வாலில் 4 அளவுகூடத் தினமும் வருவதில்லை. பெரும்பாலும் வருவது 2, 3 அளவு.

இந்த ஆறுதலை நம்பி என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியில் ஒரு உதாரணம் இருக்கிறது. அப்பென்னைன் மலைகளுக்கு நடுவே ஆத்தெர்னோ ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கும் லாக்விலா நகரம். 2009 தொடக்கத்தில் அங்கே மாதக்கணக்கில் சின்ன அதிர்வுகள் வந்துகொண்டிருந்தன. நடுங்கிப்போன ஜனங்களுக்கு ஆறுதலாக, குடிமைப் பாதுகாப்புத் துறையின் துணைத் தலைவர் தொலைக்காட்சிப் பேட்டியில், ஆற்றல் தொடர்ந்து வெளியேறிக்கொண்டிருப்பதால் இது சாதகமான நிலைமை என்ற பொருளில் பேசினார். அதிர்வு வந்தால் ராத்திரி வெளியே படுப்பது அந்த ஊரில் பழைய பழக்கம். இந்தமுறை பலர் உள்ளேயே படுத்தார்கள். ஏப்ரல் 6 அதிகாலையில் 6.3 அளவில் வந்தது. 309 பேர் இறந்தார்கள். 2012-இல் ஆறு அறிவியலாளர்களுக்கும் அந்த அதிகாரிக்கும் ஆறாண்டு சிறை என்று தீர்ப்பானது. 2014 மேல்முறையீட்டில் அறிவியலாளர்கள் விடுதலையானார்கள், அதிகாரிக்கு மட்டும் தண்டனை குறைந்து இரண்டாண்டாக நின்றது. நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லவில்லை என்று யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வராது என்று சொன்னது வேறு விஷயம். உங்கள் மேடைகளில் குக்கர் விசில் கதை சொல்பவர்களிடம் நெறியாளர் இந்த லாக்விலா பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

கார்வாலுக்கு வருவோம். இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து திபெத்துக்கு அடியில் நுழைகிறது. அந்த நகர்வில் ஆண்டுக்கு சுமார் 2 செ.மீ. இமயமலைக்குள்ளேயே அடங்குகிறது. தெற்கே, மலைகளின் அடிவாரம் வரைக்கும், அடியில் இரண்டு பாறைத் தளங்கள் ஒன்றோடொன்று இறுகப் பூட்டிக்கொண்டு நகராமல் நிற்கின்றன. வடக்கே ஆழத்தில் நகர்வு நடக்கிறது. பூட்டிய பகுதி முடிந்து நகரும் பகுதி தொடங்குகிற விளிம்பில்தான் நாம் தினம் பார்க்கும் இந்தச் சின்ன அதிர்வுகள் ஒரு பட்டையாகக் குவிகின்றன. பெரும்பாலும் 10 முதல் 20 கிலோமீட்டர் ஆழத்தில், உத்தரகாசி, ருத்ரப்ரயாக், சமோலி, பித்தோராகட் என்று மாவட்டம் மாவட்டமாக. பூட்டு இன்னும் இறுகிக்கொண்டிருக்கிறது என்பதைத்தான் அவை காட்டுகின்றன. எப்போது திறக்கும் என்பதை அவை சொல்வதில்லை.

மேற்கே இமாசலப் பிரதேசத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1905 ஏப்ரல் 4 காலையில் 7.8 அளவில் வந்தது. சுமார் 20,000 பேர் போனார்கள். கிழக்கே பீகார், நேபாள எல்லையில் 1934 ஜனவரி 15 அன்று 8 அளவில் வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் கார்வாலும், உத்தராகண்டின் கிழக்குப் பகுதியான குமாவுனும், மேற்கு நேபாளமும் இருக்கின்றன. இங்கே அந்த அளவில் ஒன்று வந்து 200 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. கடைசியாக 1803 செப்டம்பரில் வந்தபோது அன்றைய பாராஹாட், அதாவது இன்றைய உத்தரகாசி, தரைமட்டமானது. கார்வால் அரசின் தலைநகரான ஸ்ரீநகர் (காஷ்மீர் ஸ்ரீநகர் இல்லை, இது இங்கேயே இருக்கும் ஊர்) நொறுங்கியது. அந்த அடியிலிருந்து எழுவதற்குள் கூர்க்காக்கள் படையெடுத்து வந்து நாட்டைப் பிடித்தார்கள், ராஜா போரில் மாண்டார். ஆண்டுக்கு 2 செ.மீ. என்றால் 200 ஆண்டில் 4 மீட்டர். கணக்கு எளிதுதான், அதற்காக நாளைக்கே வரும் என்று பொருளில்லை. என் பேரன் காலத்தில் வரலாம், இந்த மடலை நீங்கள் படித்து முடிப்பதற்குள்ளும் வரலாம்.

நடுவே வந்த இரண்டு நடுத்தர நிலநடுக்கங்களே இங்குள்ளவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை. 1991 அக்டோபர் 20, அதிகாலை மூன்று மணிக்குச் சற்று முன், உத்தரகாசியில் 6.8 அளவு. எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் தூக்கத்திலேயே இறந்தார்கள். மண் பூசிய கல் சுவரும் கனத்த பலகைக்கல் கூரையும் அப்படியே மேலே விழுந்தன. கவானா பாலம் விழுந்து கங்கோத்ரிக்குப் போகிற பாதை துண்டானது. 1999 மார்ச் 29, நள்ளிரவு தாண்டிய நேரத்தில் சமோலியில் வந்தது. நூறு பேர் அளவில் இறந்தார்கள். இரண்டில் முதலில் சொன்ன தேதியைக் கவனியுங்கள். அக்டோபர் 20 யாத்திரைக் காலம். தீபாவளிக்குப் பிறகுதான் நடை சாத்துவார்கள். உத்தரகாசி என்பது கங்கோத்ரி போகிறவர்கள் ராத்திரி தங்குகிற ஊர்.

இங்கேதான் உங்களிடம் நான் எதிர்பார்க்கிற செய்தி இருக்கிறது. எழுத்து ஓடையில் அதற்கு இடம் போதாது, ஒரு நிருபர் வந்து நான்கு நாள் சுற்ற வேண்டும்.

யாத்திரைச் சாலை நெடுக ஹோட்டல்கள். சாலையிலிருந்து பார்த்தால் இரண்டு மாடிதான். எதிர்க்கரைக்குப் போய் ஆற்றுப் பக்கமிருந்து பாருங்கள், ஐந்து மாடி இருக்கும். சரிவில் தூண் இறக்கிக் கீழ்நோக்கிக் கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். மலைப்பக்கத் தூண் குட்டை, ஆற்றுப்பக்கத் தூண் நெட்டை. கட்டடம் ஆடும்போது குட்டைத் தூண் வளைந்து கொடுக்காது. அதிகப் பாரத்தை இழுத்துக்கொண்டு முதலில் அதுதான் உடையும். கட்டடப் பொறியியல் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. சில இடங்களில் தரைத்தளம் முழுக்க வண்டி நிறுத்தும் இடம், சுவரே கிடையாது, தூண்கள் மட்டும். குஜராத்தில் 2001-இல் அகமதாபாத் அடுக்குமாடிகள் பல இந்த மாதிரித் தரைத்தளம் மடங்கித்தான் விழுந்தன. இங்கே எத்தனை ஹோட்டல் முறையான வடிவமைப்போடு கட்டியது, யார் பார்த்துச் சான்று கொடுத்தார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். நான் கேட்டால் சிரிக்கிறார்கள். நிருபர் அட்டையோடு நீங்கள் கேட்டால் பதில் வரும்.

ஆனால் இதே மாவட்டத்தில், யமுனைப் பள்ளத்தாக்கின் ராஜ்கடி பக்கம் கோட்டி பனால் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே நான்கு, ஐந்து அடுக்கு வீடுகள், சில 900 ஆண்டுக்கு முந்தியவை என்று கணித்திருக்கிறார்கள். 1803, 1905, 1991 எல்லாம் பார்த்துவிட்டு நிற்கின்றன. உயரமான கல் மேடை. அதன்மேல் தேவதாரு உத்திரங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பூட்டி, இடைவெளியில் செதுக்கிய கல்லை அடுக்கியிருக்கிறார்கள். மூலையில் இரண்டு உத்திரமும் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கிற இடத்தைக் கையால் தடவிப் பார்த்தால் தெரியும், சாந்து எங்கேயும் இல்லை. வாசல் ஒன்றே ஒன்று, ஆள் குனிந்துதான் நுழைய வேண்டும். ஜன்னல் சின்னது. கீழே மாடு, மேலே மனிதர். அதிரும்போது மரம் கொடுத்து வாங்கும், கல் ஒன்றோடொன்று உரசி அந்த வேகத்தைத் தின்றுவிடும். மரம் கிடைப்பது கட்டுப்பாட்டுக்குள் போனதும், மலைக்காரர்கள் சிமெண்டுக்கு மாறினார்கள். சிமெண்டில் தப்பில்லை, கம்பி கட்டத் தெரிந்த கொத்தனாரும் பொறியாளரும் வேண்டும். அவர்கள் வருவதற்கு முன்பே சிமெண்ட் மூட்டை வந்துவிட்டது.

ஒரு அரை மணி நேர நிகழ்ச்சிக்கு இதைவிட என்ன வேண்டும்? அதற்குப் பதிலாக ஒவ்வொரு முறையும் "இமயத்தின் கோபம்" என்று தலைப்புப் போட்டு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போடுகிறீர்கள். 2021 பிப்ரவரியில் சமோலியில் வந்த வெள்ளம், ரோண்டி சிகரத்திலிருந்து பாறையும் பனியும் சேர்ந்து பெயர்ந்து விழுந்ததால் வந்தது. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் வீடுகள் விரிசல் விட்டது, பழைய நிலச்சரிவுக் குவியலின் மேல் உட்கார்ந்திருக்கும் அந்த ஊரில் நிலம் அமிழ்ந்ததால். 2025 ஆகஸ்டில் தராலி கிராமத்தை அடித்துப் போனது ஓடை வெள்ளமும் சேறும். இவற்றில் எதுவும் நிலநடுக்கத்தால் வந்ததில்லை. மூன்றையும் காட்டி விட்டு நடுவில் 3.2 அதிர்வைச் சொன்னால் பார்ப்பவர் எப்படிப் பிரித்துப் புரிந்துகொள்வார்?

இன்னொரு விஷயம், அதிர்வுகள் "அதிகமாகிவிட்டன" என்கிற பேச்சு. நாடு முழுக்க இப்போது 150-க்கும் மேற்பட்ட நில அதிர்வு நிலையங்கள் இருக்கின்றன. முன்பெல்லாம் யாரும் கவனிக்காமல் போன 2.5 அளவு அதிர்வு இப்போது பதிவாகி, சில நிமிடத்தில் உங்கள் கைபேசிக்கே வந்துவிடுகிறது. அதிகமானது அதிர்வா, அறிவிப்பா என்று கேட்காமல் தலைப்பு வைக்காதீர்கள்.

பயனுள்ளதாக ஓடவிட வேண்டுமென்றால் இதை ஓடவிடுங்கள். உத்தராகண்ட் அரசும் ஐஐடி ரூர்க்கியும் சேர்ந்து 2021 ஆகஸ்டில் நிலநடுக்க எச்சரிக்கைக் கைபேசிச் செயலி ஒன்றைக் கொண்டுவந்தன. மலைகளில் வைத்த கருவிகள் முதல் அலையைப் பிடித்ததும், நாசம் செய்கிற இரண்டாவது அலை வருவதற்குள் எச்சரிக்கை போகும். அதிர்வு கிளம்பிய இடத்தின் மேலேயே இருப்பவருக்கு அதனால் லாபமில்லை. டேராடூன், ரிஷிகேஷ் அளவு தூரத்தில் இருப்பவருக்குச் சில நொடி கிடைக்கும், தில்லிக்கு ஒரு நிமிடத்துக்குப் பக்கம். சில நொடியில் என்ன செய்யலாம்? மாடிப்படியில் ஓடாமல், உறுதியான மேசைக்கடியில் தலையைக் காத்துக்கொள்ளலாம். வண்டி ஓட்டுகிறவர், வெட்டிய மலைச் சரிவுக்கடியில் நிற்காமல் கொஞ்சம் தள்ளி நிறுத்தலாம். ராத்திரி படுக்கும்போது செருப்பையும் டார்ச்சையும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைக்கலாம், ஏனென்றால் உடைந்த ஜன்னல் கண்ணாடிதான் முதலில் காலைக் கிழிக்கும். இதையெல்லாம் என் குழுக்களிடம் வண்டி ஏறும்போது சொல்கிறேன். பாதிப்பேர் "சாமி பாத்துக்குவார் தம்பி" என்பார்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். தொலைக்காட்சியில் வந்தது என்றால் அதற்கு ஒரு மரியாதை இருக்கிறது, நீங்களே கெடுத்துக்கொள்ளாதவரைக்கும்.

ஆகவே நான் கேட்பது அதிகமில்லை. 4-க்குக் கீழே உள்ள அதிர்வு என்றால் இடம், யாத்திரைச் சாலையிலிருந்து தூரம், சேதம் உண்டா இல்லையா என்பதோடு நிறுத்துங்கள். "பீதி" என்ற சொல்லை, பீதியடைந்த ஒருவரிடமாவது பேசிவிட்டுப் போடுங்கள். அழுத்தம் கழிந்துவிட்டது என்று யாரும் ஆறுதல் சொல்ல விடாதீர்கள். பெரிய நிலநடுக்கத்தைப் பற்றி, அது வராத ஒரு சாதாரண நாளில், ஆற அமர ஒரு செய்தி செய்யுங்கள்.

நடை ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ அட்சய திரிதியையை ஒட்டித் திறக்கும். அதற்கு இரண்டு வாரம் முன்னால் வந்தால் ஹோட்டல்களில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள், தரைத்தளம் திறந்தே கிடக்கும், தூண்களை நன்றாகப் பார்க்கலாம். எந்த நிறுவனத்திலிருந்து நிருபர் வந்தாலும் சரி. ரிஷிகேஷிலிருந்து உத்தரகாசி, பார்கோட், கோட்டி பனால் வரைக்கும் வண்டி என் செலவு, வழியில் மதியச் சாப்பாட்டுக்கு ரசமும் உண்டு.

இப்படிக்கு,
ரிஷிகேஷிலிருந்து உங்கள் நேயர் ஒருவன்